அறை மாறி வந்த வாடை

தம்பி,

மஸ்கட்டிலிருந்து நீ எடுத்திருக்கிற டிக்கெட்டை நேற்று சுமதி செல்போனில் காட்டினாள். பார்த்ததும் சந்தோஷம் வந்த வேகத்தில் கவலையும் வந்தது. நீ வந்து இறங்கியதும் செய்யப்போகிற முதல் காரியம் வேறு வீடு தேடுவதுதான் என்று எனக்குத் தெரியும். "அந்த வூடு வேணாம்ப்பா, காலி பண்ணிடுங்க" என்று நீ போனில் சொன்னபோதெல்லாம் நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். கொஞ்சம் உன் பெண்டாட்டி சுமதி சொன்னது. கொஞ்சம் பக்கத்து வீட்டுக் கமலம்மா உன் மாமியாரிடம் சொல்லி, அங்கிருந்து உனக்கு வந்தது. நான் எதையுமே சொல்லவில்லை. நீ கூப்பிடும்போது சுமதி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுப்பேன். அவள் படித்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பட்டும். நிதானமாகப் படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே.

உன் அம்மா போன பிறகு ஏரியூர் வீட்டில் நாங்கள் இருக்க வேண்டாம், காரிமங்கலம் வந்துவிட்டால் உன் பெண் யாழினிக்கு ப்ளே ஸ்கூலும் எனக்கு சுகர் பார்க்க டாக்டரும் பக்கம் என்று நீதான் இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தாய். ஊர் முடிகிற இடம், பின்னால் மாந்தோப்பு, காற்றுக்குக் குறைவில்லை. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு என்பதால் வாடகையும் படிந்து வந்தது. வீட்டுக்காரி கமலம்மா பக்கத்து வீடு. நல்ல மனுஷி. சாமான் இறக்கிய அன்றைக்கு அவள்தான் காபி போட்டுக் கொடுத்தாள். நீ பரண் மேல் ஏறி ஒட்டடை அடித்தபோது பழைய துணி பொம்மை ஒன்று விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கண் இல்லாமல், பாவாடை கட்டிய பொம்மை. சுமதி அதைக் குப்பையில் போடப் போனாள். யாழினி விடவில்லை. அழுது புரண்டு வாங்கிக்கொண்டாள். சோப்புப் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவைத்துக் கொடுத்தோம். அதற்கடுத்த நாள் நீ கிளம்பிவிட்டாய்.

நீ போய்க் கொஞ்ச நாள் ஆனதும் அந்த வாடை வந்தது. நல்ல வெயில் நேரம். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். யாழினி என் காலுக்குப் பக்கத்தில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று செத்த எலி வாடை. அதுவும் லேசாக இல்லை. தொண்டை வரைக்கும் வந்து அடைக்கிற வாடை. எழுந்து சோபாவை நகர்த்திப் பார்த்தேன், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் வாடையும் இல்லை. ஜன்னல் வழியாக வந்து போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் அங்கே நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்றுதான் தம்பி எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆள் நிற்கிற மாதிரி ஒரு இடத்தில் இருக்கும், ரெண்டு அடி தள்ளி வந்தால் இருக்காது.

அப்புறம் அது வீட்டோடு குடிவந்துவிட்டது. ஆள் வைத்துச் சாக்கடையை அடைப்பெடுத்தேன். தண்ணீர்த் தொட்டியை இறைத்துக் கழுவினேன். ஓட்டுச் சந்து, மோட்டார் ரூம், பரண், கட்டிலுக்கு அடி, ஒன்றையும் விடவில்லை. ஒரு செத்த பல்லிகூடக் கிடைக்கவில்லை. முதல் நாள் ஹாலில் இருந்தது மறுநாள் ரூமில் இருக்கும். ரூமைப் பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசலில் இருக்கும். காலையில் யாழினியை ப்ளே ஸ்கூலில் விட்டு நான் நடந்துவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது வீடு சுத்தமாக இருக்கும். சுமதி ப்ளே ஸ்கூலிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, சோறு ஊட்டி முடித்தால், நாலு மணிக்குள் வாடை மறுபடி வந்துவிடும். ஈ வேறு. ஜன்னல் எல்லாம் வலை அடித்த வீடு, எங்கிருந்துதான் வந்ததோ, மத்தியானம் யாழினி தூங்கும்போது அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றி வரும். நான் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

கமலம்மா ஒருநாள் முருங்கைக்கீரை கொண்டு வந்தவள், வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே யாழினி அந்தப் பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கமலம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கண்ணா, இந்தப் பொம்மை எங்கிருந்து வந்துச்சு?"

"பரண் மேல கெடந்ததும்மா."

"அது இதுக்கு முன்னாடி குடியிருந்தவங்க கொழந்தையோடதுங்க. தூக்கிப் போடுங்கண்ணா" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அந்தக் குழந்தை நல்லாத்தான் இருக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் பெற்றவள் கூப்பிட்டாலும் திரும்பாது. யார் எது பேசினாலும் காதில் வாங்காமல் சுவரையே பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் கமலம்மா சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது, சாமான் பாதியை அப்படியே போட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "ஏன் போனீங்கன்னு நான் கேக்கலீங்க. கேக்க பயமா இருந்துச்சு" என்றாள்.

அவள் போன பிறகு நான் யாழினியைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். பொம்மையைத் தட்டுவதை நிறுத்தவே இல்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "தாத்தா, சத்தம் போடாத. பாப்பா தூங்குது" என்றாள்.

"எந்தப் பாப்பா கண்ணு?"

"குட்டிப் பாப்பா."

"இந்தப் பொம்மையா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். "இது அம்மா. பாப்பா உள்ள தூங்குது."

உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். அவள் மறுபடி பொம்மையைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் எழுந்து உள் ரூமைப் போய்ப் பார்த்தேன் தம்பி. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். பென்னாகரம் காட்டு ரோட்டில் எத்தனையோ தடவை தனியாக வண்டி எடுத்திருக்கிறேன். அந்த மத்தியான வெயிலில் என் சொந்தக் கட்டிலுக்குக் கீழே குனிவதற்கு முன்னால் லைட்டைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் தினமும் அதைச் சொன்னாள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, படியில் உட்கார்ந்திருக்கும்போது. பாப்பா தூங்குது. சில நேரம், பாப்பா அழுவுது.

சுமதியிடம் நான் இதைப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதற்குக் காரணம் வேறு. வாடை என்னிடமிருந்துதான் வருகிறது என்று நான் முடிவு செய்திருந்தேன். உன் பாட்டனை நீ பார்த்ததில்லை. அவருக்கு சுகர் வந்து காலில் புண் வைத்து, கடைசிக் காலத்தில் அவர் படுத்திருந்த ரூமுக்குள் யாரும் போக முடியாது. இதே வாடைதான். அதே சுகர் எனக்கும் இருக்கிறது. யாழினி என் மடியில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு எழுந்து போன பிறகு என் சட்டையை முகர்ந்து பார்த்தால் அதில் அடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கீறலும் இல்லை. வெளியே தெரியவில்லை, உள்ளுக்குள் எங்கேயோ அழுக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். உயிரோடு இருக்கிறவனுக்குத் தன் உடம்பிலேயே பிணவாடை அடித்தால் எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு மூணு வேளை குளித்தேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். பிள்ளையைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டேன். ஆச்சரியமாக, அப்போது என் மேல் வாடை குறைந்தது. குளித்ததால் குறைந்தது என்று நினைத்தேன்.

சுமதியும் மாறிப் போயிருந்தாள். முன்னெல்லாம் எனக்கு சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று கதை பேசுவாள். இப்போது தட்டை வைத்துவிட்டுத் தூரமாகப் போய் நின்றாள். நான் ஹாலுக்கு வந்தால் அவள் சமையல்கட்டுக்குப் போனாள். என் வாடை தாங்க முடியாமல்தான் போகிறாள், மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். வீடு முழுக்கப் புகை. அந்தப் புகையில் யாழினி இருமினாள், மூக்கு ஒழுகியது, வாயைத் திறந்துகொண்டே தூங்கினாள். சளி பிடித்திருக்கிறது என்று மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுத்தோம். சிரப் குடித்தும் மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வயசுப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவது ஒரு சமாச்சாரமா என்ன?

ஒருநாள் காலையில் சுமதி பையைக் கட்டி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, நான் கொஞ்ச நாள் ஏரியூர்ல எங்கம்மா வூட்ல இருந்துட்டு வரட்டுங்களா?" என்றாள். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என்னால்தான் போகிறாள் என்று தெரிந்தும் "போய்ட்டு வாம்மா, நானே பஸ் ஏத்தி உட்டுட்டு வரேன்" என்றேன். மனசுக்குள் வேறு ஒன்று நினைத்திருந்தேன். தருமபுரியில் அவர்களை ஏரியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடுவது, இனிமேல் உங்கள் வீட்டுக்கு நான் வருவதில்லை என்று.

பஸ்ஸில் கூட்டம் இருந்தது. சுமதிக்கு முன்னால் லேடீஸ் சீட்டில் இடம் கிடைத்தது, யாழினியை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கடைசி சீட். என் பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன் உட்கார்ந்தான். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவான் என்று காத்திருந்தேன். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் என் சட்டையை முகர்ந்தேன். சோப்பு வாசம். கையை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. அப்போது முன்னால் பார்த்தேன். சுமதிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். காலி இடத்தில் உட்கார வந்த இன்னொருத்தி உட்காராமலே திரும்பிப் போனாள். நிற்கிற கூட்டம் மொத்தமும் அந்த ஒரு சீட்டை விட்டு விலகி நின்றது. நடுவில் உன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் யாழினி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வாடை நானில்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை தம்பி.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். "அம்மா சுமதி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத" என்று ஆரம்பித்ததுமே அவள் உடைந்துவிட்டாள்.

"தெரியுங்க மாமா. எம்மேலதான் நாத்தம். எவ்ளோ குளிச்சாலும் போவல. தோள்பட்டை, ஜாக்கெட்டு எல்லாம் அடிக்குது. உள்ள ஏதோ பெரிய வியாதி. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீங்க வாசல்ல போயி சாப்பிடறத பாத்துட்டு எனக்கு சாவலாம்னு இருந்துச்சு."

"அடிப் பாவி மவளே" என்றேன். "எம்மேலன்னு நெனச்சுத்தாம்மா நான் வாசலுக்குப் போனேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே சமயத்தில் ரெண்டு பேரும் அவள் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தோம். யாழினியை நான் வாங்கிக்கொண்டு டீக்கடை வரைக்கும் நடந்தேன். வாடை என்னோடு வந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் சுமதி தன் புடவையை முகர்ந்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். பிள்ளையின் கழுத்தை முகர்ந்தேன், தலையை முகர்ந்தேன், கடைசியில் முகத்துக்கு நேராக என் முகத்தைக் கொண்டு போனேன். அவள் மூச்சு விட்டாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இடது பக்க மூக்கில் மட்டும் பச்சையாகச் சளி ஒட்டியிருந்தது. வலது பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. துண்டால் துடைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, இடது மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பாப்பாவ எழுப்பாத தாத்தா."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் இருந்தார். சின்ன வயசு அம்மா. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் மூக்கைச் சுளிக்கவில்லை, நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "எவ்ளோ நாளா?" என்றார். சொன்னோம். "சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு மூக்குல மட்டும் நாத்தத்தோட சளி வந்துச்சுன்னா, முதல்ல உள்ள ஏதாவது மாட்டியிருக்கான்னுதாங்க பாக்கணும். சளிக்கு ரெண்டு பக்கமும்தான் ஒழுகும்" என்றார். யாழினியைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்து, கைகால் ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன், நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, முனை வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தார். யாழினி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "பாப்பா, பாப்பா" என்றே கத்தினாள். கொழகொழவென்று கறுத்துப் போன ஏதோ ஒன்று வந்து தட்டில் விழுந்தது. ரூம் முழுக்க அந்த வாடை. இத்தனை நாள் வீடு முழுக்க அலைந்தது மொத்தமும் அந்தச் சின்னத் தட்டில் இருந்தது. நர்ஸ் அதைத் தண்ணீரில் அலசினார். மஞ்சள் ஸ்பாஞ்சு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

சுமதிக்குத்தான் முதலில் புரிந்தது. பொம்மையின் வயிற்றுத் தையல் பிரிந்து ஸ்பாஞ்சு வெளியே வந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் தங்கைக்கு ஆபரேஷனில் குழந்தை பிறந்தபோது, சித்தி வயிற்றிலிருந்து பாப்பா வந்தது என்று நாம்தானே யாழினிக்குச் சொல்லிக்கொடுத்தோம். அவளும் பொம்மை வயிற்றிலிருந்து பாப்பாவை எடுத்திருக்கிறாள். எடுத்ததை எங்கேயாவது பத்திரமாகத் தூங்க வைக்க வேண்டுமே. இருட்டாக, சூடாக ஒரு இடம் கிடைத்தது. அதைத்தான் பிள்ளை தினமும் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு நான் கட்டிலுக்கடியில் தேடினேன்.

டாக்டர் இன்னொரு மூக்கையும், தொண்டையையும், ரெண்டு காதையும் பார்த்தார். ஒரு பிள்ளை ஒன்று வைத்தால் இன்னொன்றும் வைத்திருக்கலாமாம். காதுக்குள் நீர் கோத்திருக்கிறது, அதனால்தான் கூப்பிட்டால் சரியாகக் கேட்பதில்லை, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் விட்டுவிடாமல் மறுபடி கொண்டு வந்து காட்டுங்கள் என்றார். "நல்லவேளை, வீட்ல குச்சி, ஹேர்பின்னு எதையும் உட்டு எடுக்காம வந்தீங்க. பின்னால தள்ளி மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா பெரிய ஆபத்து" என்றார். இன்னொன்றும் சொன்னார். அதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். பொம்மை, ரிமோட், பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, இதிலெல்லாம் காசு மாதிரி சின்ன பேட்டரி இருக்கிறதே, அது மூக்கிலோ காதிலோ போனால் இப்படி நாள்கணக்கில் எல்லாம் காத்திருக்காதாம். மணிக்கணக்கில் உள்ளே அரித்து ஓட்டை போட்டுவிடுமாம். வயிற்றுக்குள் போனாலும் அப்படித்தான். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நீ வரும்போது கொண்டுவர அவளுக்கு லைட் எரிகிற பொம்மை வாங்கி வைத்திருப்பதாகச் சுமதி சொன்னாள். ஸ்க்ரூ போட்டு மூடிய பேட்டரி டப்பா உள்ளதா என்று பார்த்துக் கொண்டு வா. இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடு.

சாயங்காலம் நாங்கள் மூணு பேரும் காரிமங்கலத்துக்கே திரும்பி வந்தோம். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மறுநாள் கமலம்மாவிடம் முன்பு குடியிருந்தவர் நம்பரை வாங்கிப் பேசினேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் சாதாரணமாகப் பேசினார். "எம்பையனுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்கய்யா. எங்களுக்கே ஒன்றரை வயசுலதாங்க தெரிஞ்சுது. சேலத்துல ஆபரேஷனுக்கு உடனே வரச் சொன்னாங்க, அப்படியே போட்டுட்டு ஓடிட்டோம். இப்ப காதுல மிஷின் வெச்சிருக்குதுங்க. 'ப்பா'ன்னு கூப்புடறானுங்க" என்றார். பின்னால் ஒரு பிள்ளை கத்துகிற சத்தம் கேட்டது. நான் கமலம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள், "நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்கண்ணா" என்றாள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, தட்டு விழுந்தால் திடுக்கிடாத குழந்தை எங்கே இருந்தாலும் முதலில் காதைச் சோதிக்க வேண்டும் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாராவது பேசினால் நீ வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பாய், அது உனக்கே தெரியாது. ஒன்றரை வயசில் உனக்கு ராத்திரி பகல் காய்ச்சல், இடது காதைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதாய். உன் அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். அவள் அம்மா அவளுக்கு அப்படித்தான் செய்தாளாம். கொஞ்ச நாளில் சீழ் வடிந்தது, காதுச் சவ்வு ஓட்டையாகி, பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தோம். நீ படுத்துக்கொண்டே பால் பாட்டில் குடிப்பாய், அதுவும் நல்லதில்லை என்று அங்கே சொன்னார்கள். யாழினிக்கு அடுத்து ஒன்று பிறந்தால், குளிப்பாட்டுகிறவர்களை மூக்கில் எண்ணெய் விடவோ வாயால் ஊதவோ விடாதே. காது வடிந்தால் துணியைத் திரித்துக் குடையாதே. குறட்டை விட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சுவிட்டுத் தூங்குகிற பிள்ளையைப் பார்த்து அசந்து தூங்குகிறாள் என்று சிரிக்காதே. காட்டிவிடு. உன் அம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கேட்க ஆளில்லாமல், தெரிந்ததைச் செய்தாள்.

யாழினி ரெண்டு மூணு நாள் பாப்பாவைத் தேடினாள். கண்ணாடி முன்னால் நின்று மூக்கை அண்ணாந்து பார்த்தாள். சுமதி அவளை உட்கார வைத்து, மூக்கு காற்றுக்கு வீடு, வேறு யாருக்கும் அங்கே இடமில்லை என்று சொல்லிக்கொடுத்தாள். போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். பிள்ளைக்குப் பின்னால் நின்று அவர் மெதுவாக அவள் பெயரைச் சொன்னார். சட்டென்று திரும்பினாள். இன்னும் ஒரு தடவை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே வீடு மாற்ற வேண்டாம் தம்பி. வந்ததும் உன் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேசு. அவள் தனியாக எதை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று கேள். கேட்காமல் அவளாகச் சொல்லமாட்டாள். நானும் அப்படித்தான், நீயும் அப்படித்தான். நம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிற வியாதி அதுதான். ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூலையில் செத்துக்கொண்டிருப்போம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுமதி காபி கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல், என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "மாமா, அந்தத் துண்டு நாறுதுங்க. கழட்டிக் குடுங்க, தோய்க்கப் போடறேன்" என்றாள். நான் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை ரெண்டு விரலில் பிடித்துக்கொண்டு, மூக்கைத் திருப்பிக்கொண்டே போனாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நீ நேரில் வா, சொல்கிறேன்.

அப்பா